நோட்டில் கூட்டல் கழித்தல் போடும் பையன்

அக்கா, போன வாரம் சுங்கை சிப்புட்டில் சந்தித்தபோது மகனின் நோட்டை மேசையில் போட்டு, "அடுத்த வருசம் எஸ்பிஎம் பரீட்சை, இவன் கூடைப்பந்துக் கணக்கு எழுதிக்கிட்டு இருக்கான் சார்" என்றீர்கள். நீங்கள் படமெடுத்து அனுப்பிய பக்கங்களை நேற்று ராத்திரிதான் நிதானமாகப் பார்த்தேன்.

யார் களத்தில் நின்றபோது குழு எத்தனை புள்ளி போட்டது, எத்தனை விட்டது என்று ஆட்டத்துக்கு ஆட்டம் குறித்திருக்கிறான். 7ஆம் எண் சட்டைக்காரன் நின்ற நேரத்தில் 18 போட்டு 11 விட்டிருக்கிறார்கள். ஆக, கூட்டல் 7. அவன் சொந்தமாகப் போட்டதோ 2 புள்ளிதான். பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. எனக்குப் பிடித்தது அந்தக் கேள்விக்குறிதான்.

அந்த 7 இவனால் வந்ததா, எப்போதும் இவனோடு சேர்ந்தே இறங்கும் அந்த உயரமான பையனால் வந்ததா? நீங்கள் பால்மரம் வெட்டியவர், உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்ல நெரை, அதாவது நல்ல மர வரிசை, கிடைத்தவருக்கு வாளி நிறையும். கிழட்டு மரம் பங்காக விழுந்தவருக்கு எவ்வளவு கைப்பக்குவம் இருந்தாலும் எடை ஏறாது. தோட்டத்துக் கணக்கரான கிராணி நிறுவையை மட்டும் பார்த்துப் பேசினால் வயிறு எரியுமா இல்லையா?

அந்த நியாயத்தைத்தான் 2004இல் டேன் ரோசன்பாம் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் கூடைப்பந்துக்குக் கணக்காகப் போட்டார். கூட நிற்பவர், எதிரே நிற்பவர் எல்லாரையும் ஒரே சமன்பாட்டில் வைத்து ஒவ்வொருவர் பங்கையும் பிரிப்பது, ரிக்ரஷன் என்பார்கள். இரண்டு பேர் பிரியாமலே ஆடினால் அதுவும் திணறும். ஆட்டம் குறைவாக இருந்தால் எண் தாறுமாறாக ஏறி இறங்கும். அதனால் பின்னால் வந்தவர்கள், ஆதாரம் போதாத எண்ணைச் சராசரிப் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரிட்ஜ் முறைக்குப் போனார்கள். ஹூஸ்டன் ராக்கெட்ஸ் என்ற அமெரிக்கக் குழுவில் ஆடிய ஷேன் பேட்டியர் புள்ளிப் பட்டியலில் கண்ணில் படாத ஆள். அவருடைய அருமை இந்த மாதிரிக் கணக்கில்தான் தெரிந்தது. 2013-14 பருவத்திலிருந்து அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அரங்குகள் எல்லாவற்றிலும் கேமரா வைத்து வினாடிக்கு 25 தடவை ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைப் பதிந்தார்கள். அவ்வளவையும் நோட்டில் எழுத முடியாது, புரோகிராமிங் வேண்டும்.

இங்கே மலேசியாவில் இதற்கு வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். கூடைப்பந்துக்கென்றே என்றால் நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் வங்கி, காப்புறுதி, புள்ளிவிவரத் துறை எல்லாம் இதே கணிதத்துக்குத்தான் சம்பளம் கொடுக்கின்றன. அதனால் கூடுதல் கணிதத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள். டியூஷன் காசு இடித்தால் வேறு பாடத்தில் கை வையுங்கள். எஸ்பிஎம் முடிந்து பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பு கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம், அதன் தேர்வான எஸ்டிபிஎம்மில் கணிதம் டி என்ற பாடம். அதற்குப் பிறகு மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் புள்ளியியல். 'ஸ்போர்ட்ஸ் அனலிட்டிக்ஸ் டிப்ளோமா' என்று பளபளப்பான தாளோடு யாராவது வீடு தேடி வந்தால், படிப்புகளுக்குத் தகுதி அங்கீகாரம் தரும் அரசு அமைப்பான எம்கியூஏவின் பதிவு இருக்கிறதா, அதில் எத்தனை கணிதப் பாடம் என்று கேளுங்கள். பாதிப்பேர் அங்கேயே எழுந்துவிடுவார்கள்.

தம்பிக்கு ஒரு வேலை: அடுத்த ஆட்டத்தில் உயரமான பையனைக் கொஞ்ச நேரம் உட்காரவைத்து, 7ஆம் எண்ணைத் தனியாக இறக்கச் சொல்லி வாத்தியாரிடம் கேட்கட்டும். குறித்துக்கொண்டு சனிக்கிழமை என்னிடம் வரச் சொல்லுங்கள். நோட்டைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அக்கா.