படகு என்ஜின் ஸ்லோவில் நிற்கவில்லை, கார்பரேட்டரை நானே பிரிக்கலாமா?

கேள்வி இதுதான்: சிறு படகில் மாட்டியிருக்கும் 2 ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்ஜின் வேகத்தில் ஒழுங்காக ஓடுகிறது, ஸ்லோவில் வைத்தால் திக்கித் திக்கி அணைந்துவிடுகிறது. கார்பரேட்டரை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். முதல் தடவை சொதப்பியும் இருக்கிறேன், அதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

நான் மும்பை தாராவிக்காரன். அப்பா 90 அடி ரோட்டுப் பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார், அதனால் ஸ்கூட்டர் கார்பரேட்டர் எல்லாம் சின்ன வயதிலேயே கழற்றி மாட்டிய சாமான். மாஹிம் கோலிவாடாவில், அதாவது மீனவர் குடியிருப்பில், இருக்கும் நண்பன் ஒருவன் மீனவர்கள் கடலுக்குப் பூஜை செய்யும் நாரளி பூர்ணிமா முடிந்த கையோடு கூப்பிட்டான், 9.9 ஹெச்பி என்ஜின், உங்கள் கதைதான். இங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை, அந்த 61 நாளும் என்ஜின் உள்ளே பெட்ரோலோடு சும்மா கிடந்திருக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும், மும்பை மழைக்காலத்தில் ஈரத்துக்குப் பஞ்சமா? தண்ணீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும், நாம் கலந்த 2டி ஆயில் (2 ஸ்ட்ரோக் என்ஜினுக்கான ஆயில்) மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஆயில் இல்லாத அந்த அடித் தண்ணீர்தான் கார்பரேட்டருக்குள் உட்கார்ந்து ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்து விடும் துளை போட்ட பித்தளைத் திருகை, பச்சை பிடிக்க வைக்கிறது.

சரி, உடனே ஸ்பேனரைத் தூக்காதீர்கள். பிளக் இரண்டையும் கழற்றிப் பாருங்கள், கம்ப்ரெஷன் இரண்டு சிலிண்டரிலும் ஏறக்குறைய ஒரே அளவு இருக்கிறதா என்று பாருங்கள், புதுப் பெட்ரோல் போட்டுப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தால் ஒரு சின்ன சோதனை: என்ஜின் ஸ்லோவில் திக்கும்போது சோக்கைப் பாதி இழுங்கள். நிதானமாகிவிட்டால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், அதாவது எங்கேயோ அடைப்பு, அல்லது கார்பரேட்டருக்குப் பின்னால் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட் வழியாகக் காற்று உள்ளே போகிறது. கேஸ்கெட் சந்தேகத்துக்கு அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், ஓட்டம் மாறினால் லீக் அங்கேதான். சோக் இழுத்ததும் இன்னும் மோசமானால் பெட்ரோல் அதிகம், கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்ததும் மிதவை தள்ளி மூட வேண்டிய நீடில் சரியாக மூடவில்லை.

வேகத்தில் நன்றாக ஓடுவது ஏன் என்றால், ஸ்லோவில் காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும், வேகத்துக்கான மெயின் ஜெட்டுக்கு அப்போது வேலையே இல்லை. ஸ்லோவுக்கென்றே இருக்கும் பைலட் ஜெட் வழியாக வரும் கொஞ்சப் பெட்ரோல், தகட்டின் ஓரத்தில் இருக்கும் தலைமுடி கனத்துத் துளைகளில் வந்து சேருகிறது, அவ்வளவுதான் என்ஜினுக்குச் சாப்பாடு. ஒரு துளை அடைத்தாலும் ஸ்லோ போய்விடும், வேகத்தில் ஒன்றும் தெரியாது.

நான் சொதப்பியது இங்கேதான். ரிப்பேர் கிட் வாங்கி, அடிக் கிண்ணத்தைக் கழற்றி, நீடில், மிதவை, கேஸ்கெட், ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, ஜெட்டுகளை ஊதி மாட்டினேன். ஸ்டார்ட் செய்தால் அதே திக்கல். ஆன்டாப் ஹில்லில் எங்கள் ஊர்க்கார அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், நாற்பது வருடம் துறைமுகப் பக்கம் என்ஜின் வேலை பார்த்தவர். போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மேல இருக்க மூடியக் கழத்துனியால?"

கழற்றவில்லை. கார்பரேட்டரின் தலையில் சின்னத் திருகுகளோடு ஒரு மூடி இருந்தது, ஏதோ அலங்காரம் என்று விட்டுவிட்டேன். திறந்தால் அந்தத் துளைகள் அத்தனையும் அதன் கீழே, பச்சையும் பழுப்புமாக ஜெல்லி மாதிரி ஏதோ அப்பிக்கிடந்தது. எல்லா மாடலிலும் இது மேலேயே இருக்காது, சிலதில் பக்கவாட்டில் மூடி, சிலதில் தட்டி அடைத்த உலோக வில்லை. எங்கே என்று தேடித் திறந்தே ஆக வேண்டும், கிட் போட்டால் மட்டும் ஸ்லோ வராது.

பிரிப்பதற்கு முன்னால் ஒன்று. ஏர் ஸ்க்ரூவை (ஸ்லோவில் பெட்ரோல்-காற்றுக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகு) மெதுவாக உள்ளே திருப்பி, முட்டும் வரை எத்தனை சுற்று வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றேகால், ஒன்றரை, எதுவோ. இறுக்கி முறுக்கினால் அதன் ஊசி முனை நசுங்கும், அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது. ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள், ஸ்பிரிங் எந்தப் பக்கம் என்று ராத்திரி பதினோரு மணிக்கு யோசிக்க வேண்டாம்.

கழுவும்போது ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கிளீனர் அடிக்க வேண்டும். துளைக்குள் கம்பி, ஊசி, டிரில் பிட் எதையும் விடாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை ஒரு நூல் பெரிதானாலும் கலவையே மாறிவிடும். நான் பயன்படுத்தியது நண்பனின் தூண்டில் பெட்டியில் கிடந்த மெல்லிய தங்கூசி நரம்பு, கோலிவாடாவில் அதற்கு எங்கே பஞ்சம்! பிறகு பஞ்சர் கடை கம்ப்ரெசரில் காற்று, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், கிளீனர் எதிர்ப் பக்கத் துளை வழியாக நேரே முகத்தில் பீய்ச்சும். ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளையில் வர வேண்டும், வராவிட்டால் திரும்ப ஊறப் போடுங்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியும் நன்றாக வேலை செய்யும், ஆனால் பெட்ரோல் வாடையோடு கொண்டுபோனால் கடைக்காரர் திட்டுவார், திட்டுவதும் நியாயம், பெட்ரோல் ஈரத்தோடு அதில் எதையும் போடக் கூடாது.

ஓ-ரிங் தனியாக வாங்குவதென்றால் மும்பை நாக்தேவி தெருவில் கிடைக்கும், எத்தனால் பெட்ரோலுக்கு விட்டான் (Viton) என்ற ரப்பர் வகையாகக் கேளுங்கள். மிதவையின் உயரம் மேனுவலில் சொன்ன அளவுதான், கண்ணளவு வேண்டாம். மாட்டியதும் கார்பரேட்டரைக் கவிழ்த்துப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் லேசாக ஊதுங்கள், காற்று போகக் கூடாது.

டியூனிங்கைத் தண்ணீரில் வைத்துத்தான் செய்ய வேண்டும், டிரம்மாவது வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் வாட்டர் பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும், நூறு ரூபாய் வேலை ஆயிரம் ஆகும். என்ஜின் நன்றாகச் சூடானதும் ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து விநாடி பொறுத்துக் கேளுங்கள். நியூட்ரலில் நன்றாக இருப்பது போதாது, படகைக் கட்டிவைத்து கியரில் போட்டும் நிற்கிறதா பாருங்கள். பெட்ரோல் ஒரு துளி கூடுதலாக இருப்பது நல்லது, குறைந்தால் 2 ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு ஆபத்து.

சிலர் இவ்வளவு வேலையும் வேண்டாம் என்று ஸ்லோ வேகத்தைக் கூட்டும் ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றிவிட்டுப் போய்விடுவார்கள். நண்பனுக்கும் முதலில் ஒருத்தர் அப்படித்தான் செய்து கொடுத்து, காசும் வாங்கியிருக்கிறார். அணையாது, உண்மைதான், ஆனால் அந்த வேகத்தில் கியர் போடும் ஒவ்வொரு தடவையும் டமார் என்று சத்தம் வரும், உள்ளே கிளட்ச் பல் தேய்ந்துகொண்டே இருக்கும். கியர் பாக்ஸைத் திறப்பதோடு ஒப்பிட்டால் கார்பரேட்டர் பிரிப்பது விளையாட்டு.

அடுத்த மே கடைசியில், தடை தொடங்கும் முன், பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் வைத்து, தானாக அணையும் வரை ஓட விடுங்கள், பிறகு கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். நண்பன் இந்த வருடம் அப்படித்தான் செய்தான், மூன்றாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது.