48 பொத்தான் இருக்கு, வாங்க ஆள் இருக்கா?

கேள்வி: என் மாமனார் மறைந்த பிறகு அவருடைய பீரோவில் கான்செர்டினா என்ற பழைய துருத்தி இசைக்கருவி ஒன்று கிடைத்தது. அறுகோணப் பெட்டி, தோல் துருத்தி, இரண்டு பக்கமும் கையை நுழைக்கும் வார். வலது பக்கம் 28 பொத்தான், இடது பக்கம் 20. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாததால் விற்றுவிடலாம் என்று இருக்கிறோம். ஒரு வியாபாரி, "இது இங்கிலீஷும் இல்லை, ஆங்கிலோவும் இல்லை, இதை எவன் வாங்குவான்?" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். உறவினர் ஒருவரோ, "எங்கேயும் கிடைக்காத பொருள், பெரிய தொகைக்குப் போகும், அவசரப்படாதே" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவருமே பாதி சரி. அரிய பொருள்தான், ஆனால் அரியது என்பதற்காக விலை ஏறிவிடாது. வாசிப்பவர்கள் குறைவு என்பதால்தான் இந்த வகைப் பொத்தான் வரிசை அரிதாகவே இருக்கிறது, அதே காரணத்தால் வாங்குபவர்களும் குறைவு. அதற்காக அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. இதைத் தேடிக்கொண்டிருக்கும் சிலர் எங்கேயோ இருக்கிறார்கள், அவர்கள் கண்ணில் படும்படி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கையில் இருப்பது இங்கிலீஷ், ஆங்கிலோ, டூயட் என்ற வகைகளில் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏதாவது ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை உள்ளே தள்ளுங்கள், பிறகு அதே பொத்தானோடு வெளியே இழுங்கள். இரண்டு தடவையும் வேறு வேறு சுரம் வந்தால் அது ஆங்கிலோ. ஒரே சுரம் வந்தால் அது இங்கிலீஷாக இருக்கலாம், அல்லது டூயட்டாக இருக்கலாம். இங்கிலீஷ் வகையில் கட்டைவிரலுக்கு ஒரு வளையமும் சுண்டுவிரல் வைக்க ஒரு உலோகத் தகடும் இருக்கும், கை வார் இருக்காது. அதோடு 48 பொத்தான் இங்கிலீஷ் என்றால் பக்கத்துக்கு 24 என்று சமமாக இருக்கும். உங்களுடையதில் கை வார் இருக்கிறது, வலது இடது எண்ணிக்கையும் சமமில்லை. தள்ளினாலும் இழுத்தாலும் ஒரே சுரம்தான் என்றால் அது டூயட்தான், தாழ்ந்த சுரங்கள் இடக்கையிலும் உயர்ந்தவை வலக்கையிலுமாக, பியானோ போல ஒரு கையில் மெட்டும் மறு கையில் துணைச் சுரங்களும் வாசிக்கச் செய்த வகை.

டூயட்டிலும் பல வரிசைகள் உண்டு. பழைய கருவிகளில் அதிகம் தென்படுவது மெக்கான் வரிசை. ஜான் ஹில் மெக்கான் 1884ல் காப்புரிமை வாங்கியது. பொத்தான்கள் ஆறு ஆறாகப் பரவியிருக்கும், ஷார்ப் சுரங்கள் (பியானோவில் கருப்புக் கட்டைகளில் வருபவை) ஸ்தாயிக்கு ஸ்தாயி இடம் மாறும் என்பதால் புதிதாகக் கற்பவர்கள் திணறுவார்கள். அடுத்தது 1896ல் பட்டர்வொர்த் என்பவர் காப்புரிமை பெற்ற கிரேன் வரிசை. இதில் ஐந்து நெடுவரிசை, நடு மூன்றில் இயல்பான சுரங்கள், ஓரத்து இரண்டில் ஷார்ப்பும் ஃப்ளாட்டும், பார்த்தவுடனே ஒரு ஒழுங்கு தெரியும். சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ அமைப்பினர் இதையே ட்ரயம்ப் என்ற பெயரில் வாசித்தார்கள், அந்தப் பெயரைக் கேட்டால் வேறு ஏதோ கருவி என்று நினைத்துவிட வேண்டாம். நீங்கள் சொல்லும் 28, 20 கணக்கு கிரேனுக்குப் பொருந்துகிறது. ஐந்து நெடுவரிசை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும். இவை தவிர ஜெஃப்ரிஸ் என்ற தயாரிப்பாளரின் பெயரில் ஜெஃப்ரிஸ் டூயட் ஒன்று உண்டு, அது இன்னும் அரிது. ஹேடன் வரிசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பிரையன் ஹேடன் காப்புரிமை பெற்றதே 1986ல்தான், விக்டோரியா காலத்துப் பெட்டியில் அது இருக்க வழியில்லை.

அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள், விளம்பரத்தில் இதைவிடப் பலன் தருவது வேறு எதுவும் இல்லை. ஒரு தாளில் இரண்டு அறுகோணம் வரைந்து, பொத்தான்கள் இருக்கும் அதே இடங்களில் வட்டம் போட்டு, போனில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, வரும் சுரத்தை வட்டத்துக்குள் எழுதுங்கள். தள்ளும்போது, இழுக்கும்போது இரண்டுக்கும் பாருங்கள். பேசாத பொத்தான், கரகரக்கும் பொத்தான், விட்ட பிறகும் ஊளையிடும் பொத்தான் எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். கிரேன் வாசிப்பவர் அந்தத் தாளைப் பார்த்த மாத்திரத்தில் இது தனக்கானதா இல்லையா என்று சொல்லிவிடுவார், நீங்கள் நூறு வார்த்தை வர்ணிக்கத் தேவையே இல்லை.

சுருதி பார்க்கும்போது ஒன்று நடக்கலாம். எல்லாச் சுரமும் ஒரே அளவில் ஏறக்குறைய அரைக்கட்டையில் பாதி தூக்கலாகக் காட்டினால் கருவி கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஏ என்ற சுரத்தை 452 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வைக்கும் பழக்கம் இருந்தது, இன்று அது 440. வித்தியாசம் சுமார் 47 சென்ட் (அரைக்கட்டையை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்). அந்தப் பழைய சுருதி அப்படியே இருக்கிறது என்றால் காற்றில் அதிர்ந்து சுரம் தரும் உலோக நாக்குகளான ரீடுகளை யாரும் சுருதி மாற்றுவதற்காகச் சுரண்டவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். வாங்குபவருக்கு அது நல்ல சேதியாகவும் இருக்கலாம், சுருதி மாற்றும் செலவாகவும் இருக்கலாம். எப்படியும் சொல்லிவிடுங்கள், மறைத்து விற்றால் முதல் நாளே தெரிந்துவிடும்.

யார் செய்தது என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம். ஓரத்துத் திருகுகளைக் கழற்றி ஒரு பக்கத்து மூடியைத் திறக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ஆறு திருகையும் கிண்ணத்தில் போட்டுக் கலக்கிவிடாமல், ஒரு அட்டையில் அதே அறுகோண வரிசையில் குத்தி வையுங்கள், ஒவ்வொன்றும் தன் ஓட்டைக்கே திரும்பப் போக வேண்டும். உள்ளே மரப்பலகையிலும் ரீட் தட்டிலும் துருத்தி ஓரத்திலும் எண் பொறித்திருக்கும். எல்லா இடத்திலும் ஒரே எண் என்றால் பெட்டி பிரித்து மாற்றப்படவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ரீட் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமாக இருந்தால் எஃகு. எஃகுக்குத்தான் மதிப்பு அதிகம். எண்ணெய், துருநீக்கி எதையும் உள்ளே விடாதீர்கள்.

எண் கிடைத்துவிட்டால் வயது கிடைத்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அது தயாரிப்பாளரைப் பொறுத்தது. வீட்ஸ்டன் என்றால் யோகம்தான், அந்த நிறுவனத்தின் பழைய கணக்குப் புத்தகங்கள் லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் வழியாக இணையத்தில் கிடைக்கின்றன, எண்ணைத் தேடினால் எந்த வருடம் என்று தெரிந்துவிடும், 1891க்கும் 1910க்கும் நடுவே மட்டும் ஒரு பெரிய இடைவெளி. கிரேன் கருவிகளில் பெரும்பங்கு லச்செனால் என்ற நிறுவனம் செய்தவை. அவர்களுடைய கணக்குகள் கிடைக்காததால் வருடம் எல்லாம் மதிப்பீடுதான். அதோடு டூயட்டுகளுக்குத் தனி எண்வரிசை வைத்திருந்தார்கள், அதனால் எண் சின்னதாக இருக்கிறதே, மிகப் பழையது போல என்று எழுதிவிடாதீர்கள். இன்னொரு பொறி, லச்செனால் பெட்டிகளில் இங்கிலாந்தில் செய்தது என்ற முத்திரை இருக்கும், அதைப் பார்த்து 'இங்கிலீஷ் கான்செர்டினா' என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். வாங்க வருபவர் ஏமாறுவார், கிரேன் தேடுபவர் கண்ணிலோ படவே படாது.

இனி விலை. ஆங்கிலோவுக்கு மவுசு வந்ததற்கு ஐரிஷ் இசை ஒரு முக்கியக் காரணம், அந்த இசை வாசிப்பவர்கள் 30 பொத்தான் ஆங்கிலோவைத்தான் விரும்புகிறார்கள், அதனால் நல்ல ஜெஃப்ரிஸ் ஆங்கிலோவின் விலை எங்கேயோ போய்விட்டது. அதே பட்டறையில் அதே தரத்தில் செய்த டூயட் அதைவிட வெகு குறைவாகத்தான் போகும். உங்கள் உறவினர் ஆங்கிலோ விலையைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நீங்கள் ஒப்பிட வேண்டியது அதே வரிசை, அதே தயாரிப்பாளர், அதே பொத்தான் எண்ணிக்கை உள்ள கருவி கடைசியாக என்ன விலைக்கு விற்றது என்பதை. விற்பவர் கேட்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு, மாதக்கணக்கில் விளம்பரத்தில் கிடக்கும் பெட்டியின் விலையை வைத்துக் கோட்டை கட்டக்கூடாது. கிரேனில் 35 பொத்தான் சின்னது, சீக்கிரம் போதாமல் போய்விடும். 48 உருப்படியாக வாசிக்கக்கூடிய அளவு, அது உங்கள் பக்கம் இருக்கும் நல்ல விஷயம்.

எங்கே விற்பது என்றால், பொதுவான பழம்பொருள் கடையைத் தவிர வேறு எங்கேயும். 1952ல் தொடங்கிய சர்வதேச கான்செர்டினா சங்கம் இருக்கிறது, இசைக்கருவிகளுக்கென்றே நடக்கும் ஏலங்கள் இருக்கின்றன, கான்செர்டினா மட்டுமே பழுது பார்த்து கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். டூயட்டைப் பொறுத்தவரை என் ஓட்டு கமிஷன்காரருக்கு. ஏலத்தில் அன்றைக்கு ஒரே ஒரு கிரேன்காரர் வந்தால் போட்டியில்லாமல் அடிமட்டத்தில் முடிந்துவிடும், கமிஷன்காரரிடம் காத்திருக்கலாம், அவருக்கு யார் எதைத் தேடுகிறார்கள் என்பதும் தெரியும்.

கேள்வி: என்னிடம் ஜெஃப்ரிஸ் டூயட் இருக்கிறது. ஒருவர் இதை ஆங்கிலோவாக மாற்றிக்கொள்கிறேன், நல்ல விலை தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: உங்கள் பொருள், உங்கள் முடிவு. ஆனால் நான் கொடுக்க மாட்டேன். ஆங்கிலோ விலை ஏறியதிலிருந்து ஜெஃப்ரிஸ் டூயட்டுகள் பல இப்படி மாற்றப்பட்டுவிட்டன, ரீடுகளை இடம் மாற்றி, சிலவற்றைச் சுருதி மாற்றி, தேவைப்பட்டால் ரீட் தட்டையே புதிதாகச் செய்துவிடுகிறார்கள். ஒருமுறை செய்துவிட்டால் பழையபடி ஆக்குவது நடக்காத காரியம். அவர் நல்ல விலை என்று சொல்வதிலும் ஒரு கணக்கு உண்டு, மாற்றிய பிறகு ஆங்கிலோவாக விற்கும் விலையில் கூலியைக் கழித்துக்கொண்டுதான் உங்களுக்குத் தருகிறார். அந்தத் தொகையை வாசிப்பவர் ஒருவரும் தரக்கூடும், கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். பாதி ரீட் உடைந்து, துருத்தி கிழிந்து, சரிசெய்யும் செலவு கருவியைவிட அதிகம் என்ற நிலை என்றால் அது வேறு கதை, அப்போது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: விற்கும் முன் பழுது பார்த்துவிட வேண்டுமா? துருத்தி ஒழுகுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெரிய பழுது வேண்டாம். வாங்குபவர் தனக்குப் பழக்கமான ஆளிடம் செய்துகொள்ளவே விரும்புவார், நீங்கள் செலவழித்த தொகை முழுசாகத் திரும்பவும் வராது. அறிமுகமில்லாதவர் கையில் ரீடைச் சுரண்ட விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஒழுகலுக்கு, பொத்தான் எதையும் தொடாமல் ஒரு பக்கத்தை மேலே பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைத் தானாக இறங்க விடுங்கள், கீழே ஒரு கை காத்திருக்கட்டும், பழைய வாரை நம்ப முடியாது. மெதுவாக இறங்கினால் சரி, பொத்தென்று விழுந்தால் ஒழுகல். அது துருத்தி ஓட்டையாகவே இருக்க வேண்டும் என்றில்லை, பொத்தானோடு இணைந்து காற்றுத் துளையை மூடும் பேட் இற்றுப்போனாலும், பலகை சுருங்கி இடைவெளி விட்டாலும் இப்படி ஆகும். காரணத்தை ஊகித்து எழுதாமல், இறங்குவதை வீடியோ எடுத்துப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பொத்தான்கள் வெள்ளையாக இருக்கின்றன. தந்தமோ என்று பயமாக இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

பதில்: பெரும்பாலும் எலும்பு. எலும்பில் நுண்ணிய கருப்புப் புள்ளிகளோ கோடுகளோ தெரியும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். தந்தமாக இருந்தால் சட்டம் குறுக்கே வரும். பிரிட்டனில் 2022 ஜூனிலிருந்து தந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1975க்கு முன் செய்த இசைக்கருவியில் தந்தம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் பதிவு செய்துகொண்டு விற்கலாம். எல்லை தாண்டி அனுப்ப அது போதாது, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி அனுமதி தனியாக வேண்டும். ரோஸ்வுட் பக்கப்பலகைக்கு முன்பு தொல்லை இருந்தது, 2019 இறுதியிலிருந்து முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இல்லை. ஆமை ஓடு பதித்த கருவி என்றால் எதையும் பேசி முடிக்கும் முன் இரண்டு நாட்டு விதியையும் விசாரித்துவிடுங்கள்.

அனுப்பும்போது துருத்தி முழுசாக மூடியிருக்க வேண்டும், கருவி தன் பெட்டிக்குள் ஆடக்கூடாது, எந்தப் பொத்தானும் அழுந்திக் கிடக்கக்கூடாது. அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் நாலு பக்கமும் பஞ்சு வைத்து அடையுங்கள். இன்ஷூரன்ஸ் விற்ற விலைக்கே எடுங்கள்.