பழைய விளக்குக் கூண்டும் மிச்ச மணிகளும்

கேள்வி: ஹாலில் தொங்கும் விளக்கின் துணிக்கூண்டு நைந்து கிழிந்துவிட்டது. இரும்புச் சட்டம் மட்டும் கெட்டியாக இருக்கிறது. மகளின் ஆரி ஒர்க்கில் மிஞ்சிய மணிகள், கொலுவுக்கு வாங்கிய தங்க லேஸ், கண்ணாடி வில்லைகள் எல்லாம் டப்பா நிறையக் கிடக்கின்றன. க்ளூ கன்னால் ஒட்டிப் பார்த்தேன், உதிர்ந்துவிட்டன. என்ன செய்யலாம்?
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: சட்டத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள் தோழி, கெட்டியான சட்டம் கிடைப்பதுதான் கஷ்டம். உள்ளே எரிவது குண்டு பல்பா? அப்படியானால் மணிகள் உதிர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. 60 வாட் குண்டு பல்பின் கண்ணாடி 100 டிகிரியைத் தாண்டிச் சுடும். க்ளூ கன் பசை அதற்கு வெகு முன்பே இளகிவிடும். முதலில் 7 அல்லது 9 வாட் எல்.இ.டி.க்கு மாறுங்கள். அதுவும் அடிப்பாகத்தில் சூடாகும் என்பதால் கூண்டின் மேல்வாய் திறந்தே இருக்கட்டும்.

அப்புறம், ஒட்டுவதை விட்டுக் கட்டுங்கள். புதுச்சேரியில் என் வீடும் கடலோரம்தான்; உப்புக்காற்றில் சாதாரணக் கம்பி சீக்கிரம் துருவேறி, வெள்ளை மணியில் பழுப்புக் கறை இறக்கிவிடும். மெயின் ஸ்விட்சை அணைத்துச் சட்டத்தைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடும் மேலே பெயின்ட்டும் அடியுங்கள். மணி கோக்க மீன்பிடி நரம்பு போதும். மேல் வளையத்தில் இரட்டை முடிச்சு போட்டு, சிறிய மணியில் தொடங்கிப் போகப் போகப் பெரிதாக்கி, நுனியில் ஒரு கண்ணாடி வில்லை. சரங்களுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டால் ஒவ்வொரு மணிக்குள்ளும் வெளிச்சம் புகுந்து வரும், அதைப் பார்க்க அவ்வளவு அழகு! வில்லியனூர் சுடுமண் மணி இருந்தால் நுனியில் சேருங்கள், கனத்தில் சரம் நேராக நிற்கும்.

டப்பாவில் உள்ளதையெல்லாம் ஒரே விளக்கில் ஏற்ற வேண்டாம். லேஸ் கீழ் விளிம்பில் ஒரு சுற்று போதும், பல்பிலிருந்து ஒரு சாண் தள்ளி.

பல்ப் வாங்கும்போது அட்டையில் 2700 கே அல்லது 3000 கே (கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; இவை மஞ்சள் வெளிச்சம்) என்று பார்த்து வாங்குங்கள். 6500 கே வெள்ளை வெளிச்சத்தில் தங்க நிறம் வெளிறிப் போகும். மணி ஏறினால் கூண்டு கனக்கும். அந்தக் கனம் ஒயரில் தொங்கக் கூடாது. கூரைக் கொக்கியில் தனிச் சங்கிலி போட்டு மாட்டித் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.