பான்ஷீ ஆளைக் கொல்லுமா?

கொல்லாது. அயர்லாந்து நாட்டுக் கதைகளில் வரும் மாயப் பெண் அவள். அழுது சாவுச் சேதி சொல்வதோடு அவள் வேலை முடிந்தது. ஐரிஷ் மொழியில் ‘பான் ஷீ’ என்றால் மேட்டுப் பெண். தேவதைகள் குடியிருப்பதாக நம்பிய பழைய மண்மேடுகளைச் சேர்ந்தவள். எல்லார் வீட்டுக்கும் வரமாட்டாள். ஓ'நீல், ஓ'பிரையன் மாதிரிப் பழைய ஐரிஷ் குடும்பப் பெயர்க்காரர்களுக்குத்தான். பங்காளி அமெரிக்காவில் செத்தாலும், அழுகை கேட்பது அயர்லாந்தின் பூர்வீக வீட்டருகே. ஆளைப் பார்ப்பது அபூர்வம், குரல்தான். கூலிக்கு ஒப்பாரி வைக்கும் பெண்கள் அங்கும் இருந்தார்கள், அந்தச் சாயல்.

தரையில் கிடக்கும் சீப்பை எடுக்காதே என்று அங்கே பிள்ளைகளை எச்சரிப்பார்கள். அது பான்ஷீயின் சீப்பாக இருந்தால், கேட்டு ராத்திரி ஜன்னலுக்கு வந்துவிடுவாள். சீப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கையால் நீட்டக் கூடாது. அடுப்பு இடுக்கியில் பிடித்து வெளியே நீட்ட வேண்டும். திரும்ப இழுத்தால் இடுக்கி முறுக்கிக் கிடக்குமாம். கையாக இருந்தால்?

ஸ்காட்லாந்துக் கதைகளில் ஓடைக்கரையில் ரத்தத்துணி துவைப்பவள் வேறொருத்தி, பான்ஷீ அல்ல.