பழைய எஸ்.யூ.வி.: டீசல் செலவும் பராமரிப்புச் செலவும் (செட்டிநாட்டுக் கேள்விகளுக்குப் பதில்)

காரைக்குடி: 2012 ஸ்கார்பியோ, 2.2 எம்ஹாக் டீசல் என்ஜின், 1,40,000 கி.மீ. ஓடியது. நாலு லட்சம் சொல்கிறார்கள். மாதம் ஆயிரம் கி.மீ. ஓட்டுவேன். டீசல் கட்டுபடியாகுமா?

டீசலை வைத்து முடிவு பண்ண வேண்டாம். திருச்சி ரோட்டில் 80-ல் சீராகப் போனால் லிட்டருக்கு 12, 13 கி.மீ. கொடுக்கும். ஊருக்குள் ஏசியோடு 10. சராசரி 11 என்று வைத்தால் ஆயிரம் கி.மீ.க்கு 91 லிட்டர். லிட்டர் 93 ரூபாய்க் கணக்கில் சுமார் 8,450. 15 கொடுக்கிற சின்ன டீசல் காருக்கு 6,200 ஆகும். வித்தியாசம் மாதம் 2,250, வருடத்துக்கு 27,000.

இதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, விற்கிறவர் தள்ளிப்போட்ட வேலைகளைக் கூட்டிப் பாருங்கள். நாலு டயர் 36,000 பக்கம். கிளட்ச் செட் மாற்றினால் கூலியோடு 15,000 முதல் 20,000. முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராடு எல்லாம் சேர்ந்து ஒரு 15,000. என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் ஒன்றே ஒன்று போனாலும் ஐந்து இலக்கத் தொகைதான். மூன்று வருட டீசல் வித்தியாசம் முதல் ஆறு மாதத்திலேயே பட்டறைக்குப் போய்விடும். அதனால் வண்டி விலையில் கால் பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். நாலு லட்சத்துக்கு வாங்கினால் ஒரு லட்சம் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று லட்சத்து வண்டியைத் தேடுங்கள்.

வாங்கிய வாரமே செய்ய வேண்டியது: என்ஜின் ஆயில் (ஆறு லிட்டருக்கு மேல் பிடிக்கும்), ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கியர் பாக்ஸ் ஆயில், டிஃபரென்ஷியல் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபேன் பெல்ட். "போன மாதம்தான் மாத்துனோம்" என்பார்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 2012 வண்டிக்கு 2027-ல் ஆர்.சி. 15 வருடம் முடிகிறது. புதுப்பிக்கக் கட்டணம் 5,000, அதோடு எஃப்.சி., பசுமை வரி. எஃப்.சி.க்கு நிறுத்துவதற்கு முன் செய்கிற விளக்கு, பிரேக், டிங்கர் வேலை தனி. புதுப்பித்தால் ஐந்து வருடம் ஓடும். விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறையுங்கள்.

தேவகோட்டை: பார்த்த வண்டி ஏறும்போது கறுப்புப் புகை விடுகிறது. "ஏர் ஃபில்டர்தான், மாத்துனா சரியாயிரும்" என்கிறார் புரோக்கர்.

இருக்கலாம். நம்ம பக்கத்துச் செம்மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் புத்தகத்தில் சொன்ன கி.மீ.க்கு முன்பே அடைத்துவிடும். கழற்றிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் புகை வந்தால், காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் முழுக்கக் கையை விட்டுத் தடவுங்கள். அடிப்பக்கம் கீறல் இருந்தால் ஆயில் பிசுக்கு கையில் ஒட்டும். காற்று வெளியே போய், டீசல் மட்டும் முழு அளவில் இறங்குவதால் புகை கறுக்கும், இழுவை குறையும். சில ஆயிரத்தில் முடிகிற இதை "டர்போ போயிருச்சு" என்று அரை லட்சத்துக்குப் பில் போடுகிறவர்களும் உண்டு.

அடுத்து, என்ஜினை ஐடிலில் விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேலேயே சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளிக் குதித்து, புசுபுசுவென்று ஆவி வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை விட்டுவிட்டு வாருங்கள், புரோக்கர் எவ்வளவு இறங்கி வந்தாலும்.

இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் லீக் டெஸ்ட் உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிச் சின்ன பாட்டிலில் விட்டு, ஐடிலில் ஓட விடுவார்கள். நாலும் ஏறக்குறைய சமமாக நிரம்ப வேண்டும். ஒன்று மட்டும் வேகமாக நிரம்பினால் அதுதான் நோயாளி. டீசல் பம்ப் வேலை பார்க்கிற கடையில் செய்துகொடுப்பார்கள். விற்கிறவர் சம்மதிக்கவில்லையென்றால் அதுவே பதில்.

கானாடுகாத்தான்: வண்டி வருடத்தில் பத்து மாதம் வீட்டில்தான் நிற்கும். கல்யாணம், கோயில் கும்பிடு என்று ஊருக்கு வரும்போது மட்டும் ஓடும். எது வாங்கலாம், எப்படிப் பார்த்துக்கொள்வது?

அண்ணே, வருடத்துக்கு மூவாயிரம் கி.மீ. ஓடுகிற வண்டிக்கு 10 கொடுத்தால் என்ன, 14 கொடுத்தால் என்ன? வருட வித்தியாசம் எட்டாயிரம் ரூபாய்கூட இல்லை. உங்களுக்குச் செலவு வைப்பது நிற்பதுதான். அதனால் எலக்ட்ரானிக்ஸ் குறைந்த, காரைக்குடியிலேயே பாகமும் ஆளும் கிடைக்கிற பொலேரோ மாதிரி வண்டியே மேல். சன்ரூஃப், தொடுதிரை எல்லாம் நிற்கிற வண்டிக்கு வினை.

முதலில் சாவது பேட்டரி. முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே பல நாள் கிடந்தால் தகட்டில் சல்ஃபேட் படிந்து மீளாது. சிக்ரி (மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர்ப்பக்கம் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது! ஊருக்குக் கிளம்பும்போது 10-ஆம் நம்பர் ஸ்பானரால் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். வாட்ச்மேன் வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிடம் உறும விடுவது உபகாரம் இல்லை. ஸ்டார்ட்டருக்குப் போன சார்ஜ் திரும்புவதில்லை, என்ஜினும் சூடாகாமல் ஆயிலில் ஈரம் தங்கும். மாதம் ஒருமுறை நம்பிக்கையான டிரைவர் 20, 30 கி.மீ. ஏசி போட்டு ஓட்டிவரட்டும்.

டேங்கை நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். காலி இடத்தில்தான் ஈரம் வேர்த்துத் தண்ணீராகி டீசலில் இறங்கும். திரும்பி வந்ததும் டீசல் ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, அரை டம்ளர் பிடித்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனியாக நின்றால், சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். தண்ணீர் இன்ஜெக்டருக்குப் போனால் மிச்சம் பிடித்த காசெல்லாம் ஒரே நாளில் போகும்.

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டயரில் 40 பி.எஸ்.ஐ. வைத்து நிறுத்தி, ஓட்டும்போது குறைத்துக்கொள்ளலாம். எலிக்கு: கார் கொட்டகையில் நெல் மூட்டை, தேங்காய் வைக்காதீர்கள், பானட்டைத் திறந்தே விடுங்கள். இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி கூடு வைக்க யோசிக்கும். பாச்சா உருண்டை போட்டால் வாடை ஏசி வழியாக உள்ளே வரும்.

ஆயிலுக்கு கி.மீ. பார்க்காதீர்கள்; வருடம் ஒருமுறை மாற்றுங்கள். பிரேக் ஆயிலும் கூலன்ட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. டயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும்: 2318 என்றால் 2018-ஆம் வருடத்து 23-ஆவது வாரம். பட்டன் புதுசாகத் தெரிந்தாலும் ஆறேழு வருடம் ஆன டயரில் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் குடும்பத்தை ஏற்றிப் போகாதீர்கள்.

குன்றக்குடி: தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வண்டி போகும். போன முறை கிளட்ச் கருகியது. பெரிய வண்டி வாங்கினால் தாங்குமா?

வண்டியின் அளவு காரணம் இல்லை, ஓட்டும் விதம்தான். நடப்பவர் வேகம் மணிக்கு 4, 5 கி.மீ.; டீசல் வண்டி முதல் கியரில் காலை எடுத்தாலே அதைவிட வேகமாக நகரும். அதனால் பாதிக் கிளட்சில் பிடித்துக்கொண்டே போகிறார்கள். எந்தக் கிளட்சும் அதற்குத் தாங்காது. அடுத்து தங்கும் இடத்துக்கு முன்னாலேயே போய் நில்லுங்கள். கூடவே போகத்தான் வேண்டுமென்றால் நூறு அடி இடைவெளி விட்டு, கிளட்சை முழுக்க விட்டு நகர்ந்து, நின்று, மறுபடி நகருங்கள். ஃபோர் வீல் லோ கியர் இருக்கிறதே என்று தார் ரோட்டில் போடாதீர்கள். தேவைப்படும்போது மட்டும் போடுகிற பார்ட் டைம் வகையில் முன் பின் சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்து, இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் கெடுக்கும்.

வாங்கும்போது கிளட்சைச் சோதிக்க: ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் மெல்லக் கிளட்சை விடுங்கள். என்ஜின் நின்றுபோனால் நல்லது. உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது.

பொன்னமராவதி: டெல்லிப் பதிவு ஃபார்ச்சூனர் 3.0, இங்கே விற்கிற விலையைவிட நிறையக் குறைவு. வாங்கலாமா?

அங்கே பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்குக் கெடுபிடி வந்தது, அதனால்தான் விலை இறங்கியது. வண்டியில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) வந்து, இங்கே ஆயுள் வரி கட்டி, டி.என். 55 எண் வாங்கும் வரை கணக்கு முடியாது. வண்டியின் விலையையும் வயதையும் வைத்து வரி எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் முன்கூட்டியே கேளுங்கள். என்.ஓ.சி., கடன் நிலுவை இல்லை என்ற கடிதம் இரண்டும் கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஓட்டும் செலவு வேறு ரகம். 80 லிட்டர் டேங்க், ஒரு தடவை நிரப்ப 7,400. 2012-க்கு முந்தையவை எல்லாம் முழுநேர ஃபோர் வீல் டிரைவ். 9, 10-க்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். என்ஜின் ஆயில் ஏழு லிட்டர். 265/65 ஆர்17 டயர் ஒன்றே பன்னிரண்டாயிரத்துக்கு மேல். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் கேளுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

புதுவயல்: பொலேரோவில் 2.5 எடுப்பதா, 1.5 எடுப்பதா?

1.5. காரணம் மைலேஜ் மட்டுமில்லை. 2022-இல் வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்தில் 1,500 சி.சி.க்கு மேல் வருடம் 7,897, அதற்குக் கீழே 1,000 சி.சி. வரை 3,416, ஜி.எஸ்.டி. தனி. 2016-இல் வந்த பொலேரோ பவர் பிளஸ்ஸின் என்ஜின் 1,493 சி.சி. பழையது 2,523. 1,500-ஐவிட ஏழு சி.சி. குறைவாக இருப்பதற்கே வருடம் ஐயாயிரம் மிச்சம். தோட்டத்துக்குப் போக, பாரம் இழுக்க என்றால் மட்டும் 2.5-ஐ யோசியுங்கள்.

பள்ளத்தூர்: ஆறு மாதமாக மைலேஜ் 12-லிருந்து 9 ஆகிவிட்டது. சர்வீஸ் எல்லாம் சரியாகத்தான் செய்கிறோம்.

பத்து கி.மீ. ஓட்டி, பிரேக் அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, நாலு வீல் டிஸ்க்குக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கிற காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. ஸ்லைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே பெரும்பாலும் சரியாகும். அதற்கு முன், டயரை அகலமான சைஸுக்கு மாற்றினீர்களா என்று வீட்டில் இளவட்டங்களைக் கேளுங்கள்.