பொதுமக்களே நிகழ்ச்சி நடத்தும் பப்ளிக் அக்சஸ் டிவியில் ஆரம்பித்து ஒரு காமெடியன் பெரிய சேனலுக்குப் போக முடியுமா?

முடியும். அமெரிக்க காமெடியன் கிறிஸ் கெத்தார்ட் போயிருக்கிறார். ஆனால் அங்கே நிலைத்து நிற்பது வேறு கதை.

அமெரிக்காவில் கேபிள் நிறுவனங்கள் உள்ளாட்சி அமைப்புகளோடு போடும் ஒப்பந்தப்படி பொதுமக்களுக்கென்று சில சேனல்களை ஒதுக்குவது வழக்கம். சம்பளமும் கிடையாது, ரேட்டிங் கவலையும் கிடையாது. நியூயார்க்கில் 2009-ல் மேடையில் தொடங்கிய தன் காமெடி நிகழ்ச்சியை, 2011-ல் மன்ஹாட்டனின் அப்படியொரு சேனலுக்குக் கொண்டுபோனார் கெத்தார்ட். நேரலை; யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். 'மனித மீன்' போன்ற விசித்திர வேடங்கள் ஸ்டுடியோவில் சாதாரணமாக உலவும். சொதப்பினால் அந்தச் சொதப்பலே நிகழ்ச்சி! வேறெந்த சேனல் இதற்கு இடம் கொடுத்திருக்கும்?

பிறகு நிகழ்ச்சி பெரிய கேபிள் சேனல்களுக்குப் போனது: 2015-ல் ஃப்யூஷன், 2017-ல் ட்ரூ டிவி. ஃப்யூஷனில் வந்த குப்பைத் தொட்டி எபிசோடை மட்டுமாவது பாருங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று நிகழ்ச்சி முழுக்க ஊகிக்க வைத்து, கடைசியில் நடிகர் பால் ஜியாமட்டியை வெளியே வரவைத்தார்கள். என் கணக்கில் கெத்தார்டின் உச்சம் அதுதான்.

2018-ல் நிகழ்ச்சி ரத்தானது. அதற்குள் பாட்காஸ்ட், தன் மனச்சோர்வைப் பற்றிய தனிநபர் மேடை நிகழ்ச்சி என்று வேறு வழிகளையும் அவர் திறந்துவைத்திருந்தார்.