கிளியைப் பறக்கவிட்டு, பானையைப் பாருங்கள்

கேள்வி: பூர்வீகச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கப் போகும் பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். 'அவள் மனசுக்குள் புயல் அடித்தது' என்ற வரியைப் படித்த தோழி, 'சொல்லாதே, படிமமாகக் காட்டு' என்றாள். கூண்டுக்கிளி ஒன்றைச் சேர்த்தேன். அது கதையோடு ஒட்டவே இல்லை. குறியீட்டை எங்கேதான் தேடுவது?

பதில்: அனுப்பிய பிரதியைப் படித்தேன். கிளி பாவம், விட்டுவிடுங்கள். கூண்டுக்கிளி என்றதுமே 'அடிமைப்பட்ட பெண்' என்று வாசகர் விடையை எழுதிவிடுவார். உங்கள் பெண்ணின் சிக்கல் அதுவல்ல. அவளுக்குப் பங்கும் வேண்டும், அண்ணனும் வேண்டும். கிளி ஒரு பக்கம்தான் பேசும். மனப்போராட்டத்தைக் காட்டவேண்டிய பொருளோ இரண்டு பக்கமும் இழுக்கவேண்டும்.

இதைக் கபிலர் ஐந்தே அடியில் செய்திருக்கிறார், குறுந்தொகை 25இல். அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தலைவி தவிக்கிறாள். சட்டென்று ஒன்று நினைவுக்கு வருகிறது: 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு'. ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற கொக்கும் அங்கே இருந்தது என்கிறாள். 'யாரும் இல்லை' என்றவள் 'குருகும் உண்டு' என்கிறாள். அந்த 'உம்'மில் ஒரு நப்பாசை. ஆனால் குருகின் கண்ணெல்லாம் ஆரல் மீன்மேல். பக்கத்திலேயே நின்றும் எதையும் பார்க்காத சாட்சி. அவனும் அப்படி இரையில்தான் கண்ணாக இருந்தானோ என்ற சந்தேகத்துக்கும் அதே பறவையில் இடமிருக்கிறது. இன்னொன்று: குருகின் கால் தினைத்தாள்போல் மெலிந்து பசுமையாக இருந்தது என்கிறாள். காலின் நிறம்வரை மறக்கவில்லை என்றால், அந்த நாளை எத்தனை முறை மனசில் ஓட்டிப் பார்த்திருப்பாள்! 'பயமாக இருக்கிறது' என்று அவள் சொல்லவே இல்லை.

ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'த்திலும் (ஆனந்த விகடன், 1966) அந்நியன் ஒருவனிடம் கெட்டு வீடு திரும்பிய மகளின் தலையில் தாய் கொட்டும் தண்ணீரில் ஆத்திரமும் இருக்கிறது, அணைப்பும் இருக்கிறது. தலைப்பில் நெருப்பு, கதையில் தண்ணீர்.

இனி உங்கள் கதை. இரண்டாம் பக்கத்தில், அண்ணன் பொங்கல் சீராகக் கொண்டுவந்த வெண்கலப் பானை ஒரே வரியில் வந்துபோகிறது. விளிம்பில் அவன் பேர் வெட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு நீங்களே மறந்துவிட்டீர்கள்! தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு 1989லேயே சட்டமாகிவிட்டது (அதற்கு முன்பே மணமானவர்கள் 2005வரை காத்திருந்தார்கள்). பங்கு கேட்டால் சீர் நின்றுபோகும் என்ற பயத்துக்குத்தான் எந்தச் சட்டமும் இல்லை. அந்தப் பயம் முழுக்க இந்தப் பானைக்குள் இருக்கிறது. வெளியே எங்கும் தேடவேண்டாம்.

புயல் அடிக்கும் வரியை எடுத்துவிட்டு, இப்படி முயன்று பாருங்கள்:

'மறுநாள் பத்திரம். ராத்திரி புளி போட்டுப் பானையைத் தேய்த்தாள். முருகேசன் என்ற எழுத்துகளின் பள்ளத்தில் கரி அடைந்திருந்தது. ஈர்க்குச்சியால் முரு வரை நோண்டி எடுத்தாள். அதற்குமேல் எடுக்காமல் கவிழ்த்து வைத்தாள்.'

பேரைத் துலக்குகிறாளா, சுரண்டுகிறாளா? எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியவேண்டாம். இங்கே 'அவர்கள் உறவைப்போலவே பானையும் கருத்திருந்தது' என்று ஒரு வரி சேர்த்தீர்களோ, போச்சு. பானை மறுபடி கிளியாகிவிடும்.

முதலில் பொங்கலன்று பால் பொங்கும்போது பானையை வெறும் பானையாகவே காட்டிவிடுங்கள். படிமம் என்பது அவ்வளவுதான், கண்ணுக்குத் தெரிவது. அது இரண்டாம் தடவை வரும்போதுதான் குறியீடாக மாறத் தொடங்கும். மூன்றாம் தடவை பானையே வரக்கூடாது. பதிவு அலுவலகத்தில் அவள் கட்டைவிரலை வைக்கிறாள். தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கியிருக்கிறது, எந்திரத்தில் பதியவில்லை. 'துடைச்சிட்டு இன்னொரு தடவை வைங்கம்மா' என்கிறார் அங்கிருப்பவர். நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் கரி.

நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். அண்ணன் வந்து கட்டிப்பிடிக்கும் கடைசிப் பக்கம் தேவையில்லை. தலைப்பு 'பானை' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.